பெண்கள் பிரிவில் யார் ஓடலாம்? 800 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு 15 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள், மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிறாள். பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு கொண்டுவந்த விதியைப் படித்துவிட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். இப்படிச் சோதிப்பது நியாயம்தானா? பாலினச் சோதனையால் பதக்கத்தை இழந்த நம்ம ஓட்டக்காரி சாந்திக்கு நடந்தது இன்னொரு பெண்ணுக்கு நடக்காமல் இருக்குமா? மகளுக்கு நீங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?

நான் 25 வருடமாகத் தடகள நடுவர். ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறேன், ஸ்டார்ட்டராக நின்றிருக்கிறேன், ஓட்டத்துக்கு முன்னால் வீரர்களைக் கூட்டி வைக்கிற கால் ரூமில் பெயர் கூப்பிட்டு நெஞ்சு நம்பர் சரிபார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. பெண்கள் பிரிவு இருக்க வேண்டும், அதற்கு ஒரு கோடும் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்த பெண்ணைத் திருடியைப் போல நடத்துவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் 60 வருடமாக இத்தனை பேர் அழிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் கோடு ஏன் வேண்டும் என்று பார்க்கலாம். உங்கள் மகளின் ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 800 மீட்டர் உலக சாதனை 1 நிமிடம் 40.91 வினாடி. கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியது. பெண்கள் சாதனை 1 நிமிடம் 53.28 வினாடி, செக்கோஸ்லோவாகியாவின் யார்மிலா கிராடோக்விலோவா 1983இல் ஓடியது. கணக்குப் போட்டால் 12 வினாடி. கேட்க அது பெரிதாகத் தெரியாது. மைதானத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேரும் ஒரே துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்பினால், ருடிஷா கோட்டைத் தொடும்போது உலகத்திலேயே வேகமான அந்தப் பெண் கடைசி வளைவை விட்டு அப்போதுதான் நேர்ப்பாதைக்கு வந்துகொண்டிருப்பார். இன்னும் எண்பத்தைந்து தொண்ணூறு மீட்டர் பாக்கி இருக்கும். எல்லோரும் ஒன்றாக ஓடட்டும் என்று விட்டால் எந்தப் பெண்ணும் இறுதிப் போட்டிக்கே வரமாட்டாள்.

இந்த வித்தியாசம் பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. பத்துப் பதினொரு வயது வரை பையனும் பெண்ணும் கிட்டத்தட்ட சமமாக ஓடுவார்கள். தொடக்கப் பள்ளி விளையாட்டு விழாவில் பையன்களைத் தோற்கடிக்கிற பெண்களை எல்லா வருடமும் பார்க்கிறோம். பருவம் வந்ததும் பையனின் விந்தகத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பொங்கி வருகிறது. வளர்ந்த ஆணின் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 8 முதல் 29 நானோமோல் (ஹார்மோனை அளக்கிற அலகு) வரை இருக்கும். பெண்களில் பெரும்பாலோருக்கு 2-க்குக் கீழே. நடுவில் பெரிய இடைவெளி. அதனால்தான் அவன் எலும்பு நீள்கிறது, தசை கூடுகிறது, ஹீமோகுளோபின் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்கிறது. ஓட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதம், தாண்டுவதில் அதற்கும் மேல் என்று வித்தியாசம் விழுவது இங்கிருந்துதான்.

“நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீளமான கையை யாராவது தடை செய்தார்களா?” என்று கேட்பார்கள். ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டா 1960களில் ஒலிம்பிக் தங்கங்கள் வாங்கியவர். அவருக்குப் பரம்பரையாக வந்த ஒரு மரபணு மாற்றத்தால் ரத்தத்தில் சிவப்பணு சாதாரண அளவைவிட மிக அதிகம். அதையும் யாரும் தடுக்கவில்லை. உண்மைதான். ஆனால் கை நீளத்தையோ ரத்த அளவையோ வைத்து நாம் பிரிவு எதுவும் ஏற்படுத்தவில்லையே. குட்டைக் கைக்காரர்களுக்கு என்று தனிப் போட்டி இருந்தால், அதில் நீளக் கைக்காரர் வந்து நின்றால் கேள்வி வரத்தான் செய்யும். பெண்கள் பிரிவு ஆண் பருவ வளர்ச்சியின் பலன் உடம்பில் ஏறாதவர்களுக்காக ஏற்பட்டது. அதனால் அந்தப் பலன் இருக்கிறதா என்று கேட்பது அந்தப் பிரிவின் அஸ்திவாரத்தைப் பற்றிய கேள்வி. இதைக் கேட்பதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

2016 ரியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். பெண்கள் 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 1:55.28இல் தங்கம், புருண்டியின் ஃபிரான்சின் நியோன்சாபா வெள்ளி, கென்யாவின் மார்கரெட் வாம்புய் 1:56.89இல் வெண்கலம். கனடாவின் மெலிசா பிஷப் 1:57.02. தன் நாட்டு சாதனையை உடைத்துவிட்டு 0.13 வினாடியில் பதக்கத்தை இழந்தார். மேடை ஏறிய மூவரும் பின்னாளில் வந்த ஹார்மோன் விதியின் கீழ் வந்தவர்கள். பிஷப்பின் ஏக்கம் பொய்யில்லை. நாலாவது இடத்தில் முடித்த பெண்ணின் முகத்தை மாவட்டப் போட்டியிலேயே என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

சரி, கோடு வேண்டும். அதை எங்கே போடுவது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உடம்பு யாரையும் கேட்டுக்கொண்டு வளர்வதில்லை. பிறக்கும்போது பெண் குழந்தையின் உருவம். அப்பா அம்மா பெண் பெயர் வைத்து, பாவாடை கட்டி, பெண் பள்ளியில் சேர்த்து வளர்க்கிறார்கள். ஆனால் உள்ளே குரோமோசோம் ஆண்களுக்கு வழக்கமாக இருக்கிற எக்ஸ்-ஒய். கருப்பை இல்லை, வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ விந்தகம் இறங்காமல் இருக்கிறது. இதில் பல வகை உண்டு. ஒரு வகையில், சுரக்கிற டெஸ்டோஸ்டிரோனை உடம்பு கொஞ்சம்கூட ஏற்றுக்கொள்ளாது. பூட்டு இல்லாத வீட்டில் சாவி இருந்து என்ன பயன்? அந்தப் பெண்ணுக்கு ஆண் ஹார்மோனால் ஓட்டத்தில் ஒரு லாபமும் இல்லை. இன்னொரு வகையில் ஒரு நொதி மட்டும் குறைவாக இருக்கும். அதனால் பிறப்பில் பெண் உருவம், ஆனால் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் தன் வேலையைச் செய்துவிடும். இதற்கு நடுவில் பாதி ஏற்பவர்கள், கால்வாசி ஏற்பவர்கள் என்று படிப்படியாக இருக்கிறார்கள்.

இவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு இப்படி இருப்பதை அறியாதவர்கள். பல சமயம் மாதவிலக்கு வரவில்லை என்பதுதான் முதலில் தெரிகிற அடையாளம். கடுமையாக ஓடிப் பயிற்சி எடுக்கிற பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம் என்பதால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த நுணுக்கத்தை எல்லாம் வைத்துக்கொண்டு விளையாட்டு உலகம் செய்ததைச் சொன்னால் கோபம் வரும். 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வீராங்கனைகளை டாக்டர்கள் முன்னால் உடையில்லாமல் வரிசையாக நடக்கவிட்டார்கள். அது அசிங்கம் என்று எல்லோரும் சொன்னதும் ‘விஞ்ஞானமாக’ மாற்றுகிறோம் என்று 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் குரோமோசோம் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடமே போலந்தின் எவா குவோபுகோவ்ஸ்கா குரோமோசோம் சோதனையில் தவறி, அவருடைய சாதனைகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. பிற்பாடு அவருக்குக் குழந்தையும் பிறந்தது.

ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ தடை தாண்டி ஓடுகிற வீராங்கனை. 1985இல் ஜப்பானின் கோபே நகரத்தில் பல்கலைக்கழகங்களுக்கான உலகப் போட்டி. சோதனையில் எக்ஸ்-ஒய் என்று வந்தது. காயம் பட்டதாக நடித்து விலகிக்கொள் என்றார்கள், விலகினார். பிறகு உள்நாட்டுப் போட்டியிலும் அதேபோல் விலகச் சொன்னபோது அவர் மறுத்து ஓடி ஜெயித்தார். விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை போயிற்று, சாதனைகள் அழிக்கப்பட்டன, கட்டிக்கொள்ளப்போகிறவர் விட்டுப் போனார். அவருக்கு இருந்ததோ நான் மேலே சொன்ன முதல் வகை. டெஸ்டோஸ்டிரோனை உடம்பு ஏற்காத வகை. அதை நிரூபித்து 1988இல் மறுபடி அனுமதி வாங்கினார். அதற்குள் ஓடுகிற வயது போய்விட்டது. 1992 ஒலிம்பிக் தேர்வில் நூலிழையில் வாய்ப்பை இழந்தார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். 8 பேருக்கு ஒய் குரோமோசோமில் உள்ள, விந்தகம் உருவாகத் தூண்டுகிற எஸ்ஆர்ஒய் மரபணு இருந்தது. விசாரித்துப் பார்த்து 8 பேரையும் விளையாட விட்டார்கள். அப்படியானால் இத்தனை வருடம் யாரைத்தான் பிடித்தோம் என்ற கேள்வி எழுந்தது. 1999இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோரையும் சோதிப்பதை நிறுத்தியது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் சாந்தியைத் தள்ளினார்கள்.

சாந்தி சௌந்தரராஜன் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2005இல் இஞ்சியோன் நகரில் ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தில் மறுபடி வெள்ளி. நாங்கள் அன்று எப்படிக் கொண்டாடினோம்! ஓட்டம் முடிந்த மறுநாள் கூப்பிட்டுப் பல டாக்டர்கள் சோதித்தார்கள். அது என்ன சோதனை, எதற்கு என்று யாரும் தனக்கு விளக்கவில்லை என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இனி ஓட முடியாது என்ற தகவல் வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்று நாடு முழுக்க டிவியில் ஓடியது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்துத் தாங்கியது. அந்தப் பணத்தில் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்தினார். பிறகு ஒரு கட்டத்தில் அவரே சூளைக்குக் கூலி வேலைக்குப் போனார். மேலும் போராடித்தான் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் வேலைக்கு வந்தார்.

இப்போது செமென்யாவைப் பக்கத்தில் வையுங்கள். 2009இல் 18 வயதில் பெர்லினில் உலக சாம்பியன். அவர் மீது சோதனை நடக்கிறது என்ற செய்தி இறுதிப் போட்டிக்குச் சில மணி நேரம் முன்னால் வெளியே கசிந்தது. அதே கொடுமைதான். ஆனால் அவருடைய நாடு முழு அரசாங்கத்தோடும் சட்டத்தோடும் அவர் பின்னால் நின்றது. 2009, 2011, 2012, 2016 பதக்கங்கள் எல்லாம் இன்றும் அவரிடமே இருக்கின்றன. சொல்லப்போனால் 2011 உலக சாம்பியன்ஷிப்பிலும் 2012 லண்டனிலும் முதலில் அவருக்கு வெள்ளிதான். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் மரியா சவினோவா ஊக்கமருந்தில் மாட்டியதால் அவை இவரிடம் வந்தன. ஊசி போட்டு ஓடியவளை உலகம் வருடக்கணக்கில் கை தட்டிப் பாராட்டியது. இயல்பாகப் பிறந்த உடம்போடு ஓடியவளைச் சந்தேகப்பட்டது.

இருவர் நிலையும் விதியின் கண்ணில் ஒரே மாதிரியானது. இருவரும் எதையும் மறைக்கவில்லை, எதையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் பதக்கம் அவரிடமே இருக்கிறது, இன்னொருவருடையது போய்விட்டது. ஏழைக் குடும்பத்து தலித் பெண்ணுக்கு வக்கீல் வைக்க ஆளில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஊக்கமருந்து எடுத்தவரின் பதக்கத்தைப் பறிப்பது தண்டனை. தகுதி விதி என்பது இனிமேல் இந்தப் பிரிவில் ஓட முடியுமா முடியாதா என்பதைச் சொல்வது. அது பின்னோக்கிப் போய்ப் பழைய பதக்கத்தைத் தொடக்கூடாது. சாந்தியின் வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். இதை நான் சாகிற வரை சொல்வேன்.

ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் வந்தபோது காலம் கொஞ்சம் மாறியிருந்தது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப இருந்தவரைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 2011இல் கொண்டுவந்த விதிப்படி டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். மருந்து சாப்பிட்டுக் குறைத்துக்கொள் என்றார்கள். அவர் மறுத்து, விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கிற சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். இந்திய அரசு உதவியது. 2015 ஜூலையில், இந்த ஹார்மோன் அளவால் இவ்வளவு லாபம் என்று நீங்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லி அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள். அவர் ரியோவில் ஓடினார், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். சாந்திக்குக் கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைத்தது. என் கேஸைக் கேளுங்கள் என்று சொல்ல ஒரு மேடை.

உலக அமைப்பு விடவில்லை. 2018இல் புது விதி கொண்டுவந்தது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும் 5 நானோமோல். செமென்யா வழக்குப் போட்டார். 2019இல் நடுவர் மன்றத்தின் மூன்று பேரில் இரண்டு பேர், இது பாகுபாடுதான், ஆனால் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையான அளவான பாகுபாடு என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த வாக்கியத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். அதில் ஒரு நேர்மை இருக்கிறது, யாரையும் காயப்படுத்தாத கோடு கிடையாது என்று ஒப்புக்கொள்கிறது. 2021இல் நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா 400 மீட்டரில் ஓடக்கூடாது என்றதும் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். அதே வருடம், அந்த விதிக்கு ஆதாரமாக இருந்த 2017 ஆய்வை எழுதியவர்களே, எங்கள் முடிவு காரண காரியத்தை நிரூபிக்கவில்லை என்று திருத்தம் வெளியிட்டார்கள். விதி முதலில் வந்துவிட்டது, ஆதாரத்தின் பலம் பிறகுதான் அளக்கப்பட்டது.

2023 மார்ச்சில் எல்லா ஓட்டங்களுக்கும் 2.5 நானோமோல், அதுவும் 24 மாதம் அதற்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். ஆண் பருவத்தைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் பங்கேற்க முடியாது என்றும் அப்போதே முடிவானது. அது வேறு கேள்வி. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். சாந்தியும் டூட்டியும் பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவர்கள். திருநங்கைகள் விஷயத்தில் ஆண் பருவம் முடிந்த உடம்பில் எலும்பும் உயரமும் பின்னால் மருந்தால் சுருங்குவதில்லை என்பதால் அந்த முடிவில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் ஓட ஓர் இடம் வேண்டும். உலக நீச்சல் அமைப்பு 2023இல் பெர்லினில் திறந்த பிரிவு என்று ஒன்று வைத்தது. ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்கிற இடத்தில் போய் நிற்க யாருக்குத் தைரியம் வரும்?

2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செமென்யா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் மேல்முறையீடு செய்த சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவர் வழக்கைத் தேவையான ஆழத்துக்கு ஆராயவில்லை, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. விதி சரியா தவறா என்பதை அது சொல்லவில்லை. அதே மாதக் கடைசியில்தான் உலகத் தடகள அமைப்பு நீங்கள் படித்த அறிவிப்பை வெளியிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவில் ஓட எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை. கன்னத்து உட்புறத்தில் பஞ்சு தடவி எடுத்தாலும் போதும், ரத்தம் கொடுத்தாலும் போதும். வாழ்நாளில் ஒரு தடவை. டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பே இந்த விதியோடுதான் நடந்தது. டெஸ்டோஸ்டிரோனைச் சுத்தமாக ஏற்காத உடம்பு என்று நிரூபிக்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. பாட்டினோ இன்று ஓடினால் அவரைத் தடுக்க முடியாது.

அந்த மரபணுவை 1990இல் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தச் சோதனையை எதிர்த்து எழுதினார். மரபணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்லும், அது வேலை செய்ததா, விந்தகம் உருவானதா, ஹார்மோன் சுரந்ததா, உடம்பு அதை எடுத்துக்கொண்டதா என்று சொல்லாது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. இருந்தாலும் நான் இந்தச் சோதனையை முழுசாக எதிர்க்கவில்லை. அதற்குக் காரணம் நான் நேரில் பார்த்த ஒன்று.

பல வருடங்களுக்கு முன்னால், பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டி. நான் கால் ரூமில் இருந்தேன். கால் ரூம் என்றால் ஷாமியானாவுக்குக் கீழே நாலு பெஞ்சு. ஜூனியர் பெண்கள் 400 மீட்டர். ஒரு பெண், 14 வயதிருக்கும், கட்டையாக வெட்டின முடி, தட்டையான மார்பு, நல்ல உயரம். வேறு ஒரு பள்ளியிலிருந்து வந்த பெற்றோர் ஒருவர் சத்தம் போட ஆரம்பித்தார். “அது பையன் சார், பார்த்தாலே தெரியலையா?” என்று. பொறுப்பில் இருந்தவர் பிரச்சினையை அங்கேயே முடிக்க நினைத்தார். ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்றார். அந்தப் பெண் அப்போது குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கட்டி முடித்திருந்தாள். இன்னொரு லேஸ் தரையில் இழுபட, டீச்சர் பின்னால் போனாள். மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள். டீச்சர் தலையை ஆட்டினார், எல்லாம் சரி என்று. அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன். அவள் கை தூக்கவில்லை. நம்பர் துணியைப் பிடித்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாலையும் என் மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்த வருடப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணை மட்டும் தனியே பிரித்துக் கூட்டிப்போவது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதில் மாட்டுகிறவர்கள் எப்போதும் முடி வெட்டியவர்கள், கறுப்பானவர்கள், தசை தெரிகிறவர்கள், ஏழைகள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபை உலகமே டிவியில் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதும் இதே மாதிரிதான். எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி, ஒரே ஒரு தடவை, பஞ்சு வைத்து எடுக்கிற சோதனையில் குறைந்தபட்சம் அந்தத் தனிமைப்படுத்தல் இல்லை. ஊசிக்கு வரிசையில் நிற்பது போலப் போய்விட்டு வரலாம்.

நம் ஊரில் வயதுக்கு எலும்பு எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் 14 என்று இருந்து எக்ஸ்ரே 17 என்று சொன்னால், பையனுக்கு அந்த வயதுக்குரிய பெரிய பிரிவு இருக்கிறது. சான்றிதழை மாற்றியது யார் என்பது பெரியவர்கள் பாடு. ஆனால் மரபணுச் சோதனையில் மாறி வந்தால் அந்தப் பெண்ணுக்குப் போக வேறு பிரிவு கிடையாது. ஆண்கள் பிரிவில் ஓடு என்று சொல்வது ஓடாதே என்று சொல்வதுதான். அதோடு, தான் யார் என்று அவள் இதுவரை நம்பியதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். அதனால் இந்தச் சோதனையைப் பஞ்சு எடுப்பதோடு முடிந்துவிட்டதாக நினைக்கிற அமைப்புக்கு இதை நடத்தத் தகுதியே இல்லை. முடிவை முதலில் அவளுக்கு மட்டும், அவள் மொழியில், ஒரு டாக்டர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மனநல ஆலோசகர் வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பணமும் வக்கீலும் அமைப்பே தர வேண்டும். செய்தி வெளியே போனால் கசியவிட்டவருக்குத் தண்டனை வேண்டும். அறுவைச் சிகிச்சை என்ற பேச்சே வரக்கூடாது. உகாண்டாவின் ஓட்டக்காரி அனெட் நெகெசா 2012இல் தனக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவர்களுக்கு நான் ஏன் இதைத் தனியாகச் சொல்கிறேன் என்று புரியும். என்ன செய்யப்போகிறார்கள் என்று சரியாகத் தெரியாமலே படுத்ததாகவும், அதன்பிறகு உடம்பு பழையபடி ஆகவே இல்லை என்றும் அவர் சொன்னார். உலக அமைப்பு தனக்கு அதில் பங்கில்லை என்றது.

இனி உங்கள் மகள் விஷயம். உலக அமைப்பின் விதி உலகத் தரவரிசைக்குள் வரும் போட்டிகளுக்கு எழுதப்பட்டது. 15 வயதுப் பெண்ணின் மாநிலப் போட்டி அதில் சேராது. அங்கே யாராவது ‘சந்தேகம்’ என்று சொல்லி அவளைத் தனியாகக் கூட்டிப்போகப் பார்த்தால், நீங்களோ அவளுடைய பி.இ.டி. சாரோ நடுவில் நின்று, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எந்த விதி, எந்த அதிகாரி, எந்த டாக்டர் என்று எழுதச் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் குழந்தையின் உடம்பை யாரும் பார்க்க முடியாது.

அவளுக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை என்றால் ஒரு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். 15 வயதைத் தாண்டியும் வராவிட்டால் ஓடுகிற பெண்ணோ ஓடாத பெண்ணோ பார்க்கத்தான் வேண்டும். ஓடுகிற பெண்களுக்குப் பல சமயம் சாப்பாடு குறைவு, பயிற்சி அதிகம் என்பது காரணமாக இருக்கும். என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். வேறு ஏதாவது இருந்தாலும் அதை உங்கள் வீட்டில், உங்கள் டாக்டர் வாயால், அவள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வது வேறு, ஒரு வெளிநாட்டு ஹோட்டல் அறையில் தெரிந்துகொள்வது வேறு. அந்த ரிப்போர்ட் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். பயிற்சியாளரிடம்கூடக் காட்ட வேண்டியதில்லை.

மற்றபடி அவளிடம் இந்த விஷயத்தை இப்போது பேசாதீர்கள். மாநிலப் போட்டிக்கு முன்னால் அவள் யோசிக்க வேண்டியது முதல் 200 மீட்டரை எவ்வளவு நிதானமாக எடுப்பது என்பதைத்தான். கூட்டத்தில் சிக்காமல் இரண்டாவது லேன் ஓரமாக ஓடச் சொல்லுங்கள். அப்புறம், நாலு ஊக்கு கூடுதலாக அவள் பையில் போட்டு அனுப்புங்கள். கால் ரூமில் எப்போதும் பற்றாக்குறைதான்.